நாய் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறதா? குதச் சுரப்பித் தொல்லையும் அதன் பின்னால் இருக்கக்கூடிய ஒவ்வாமையும்

பின்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு, சிமெண்ட் திண்ணையிலோ வாசலிலோ நாய் பின்புறத்தைத் தேய்த்தபடி நகர்ந்தால், வயிற்றில் பூச்சி என்று முடிவு கட்டிவிடுவது நம் கொங்குப் பக்கத்து வழக்கம். மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள்; தேய்ப்பது நிற்காவிட்டால் இன்னொரு மாத்திரை கொடுப்பார்கள். பூச்சியும் ஒரு காரணம்தான் என்றாலும், பல நேரங்களில் தொல்லை தருபவை ஆசனவாயின் இரு பக்கமும் தோலுக்கடியில் இருக்கும் குதச் சுரப்பிப் பைகளே. டாக்டர்கள் ஆனல் கிளாண்ட் என்று சொல்வது இவற்றைத்தான். எப்போதோ ஒருமுறை இவை அடைத்துக்கொண்டால் அழுத்தி வெளியேற்றிவிடலாம். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மாதத்துக்கு ஒருமுறை என்று திரும்பத் திரும்ப நிறைகிறதென்றால், மலம், உடல் எடை, தெள்ளுப்பூச்சி, உணவு, தோல் என்று எங்கோ வேறொரு கோளாறு இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அதைத் தேடாமல் வருடக்கணக்கில் அழுத்திக்கொண்டே காலம் தள்ளுவதில் பயனில்லை.

பைகள் எங்கே இருக்கின்றன, என்ன செய்கின்றன

ஆசனவாயைக் கடிகார முகப்பாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 4 மணி, 8 மணி இருக்கும் இடங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இந்தப் பைகள் உள்ளும் புறமுமான இரு சுருக்குத் தசைகளுக்கு நடுவே அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு குழாய் ஆசனவாயின் விளிம்பில் திறக்கிறது. உள்ளே ஊறும் மஞ்சள் கலந்த பழுப்பு நீர் கெட்டுப்போன மீனைப் போல வீசும். ஒரு நாயை இன்னொரு நாய் அடையாளம் காண உதவும் வாசனை இது. நல்ல கெட்டியான மலம் வெளியேறும்போது பைகள் நசுங்கித் தாமாகவே காலியாகிவிடும். தீபாவளி வெடிக்குப் பயந்து நாய் கட்டிலுக்கடியில் ஒடுங்கும்போது திடீரென அந்த வாடை வருவதும் இயல்பே. அதற்கு வைத்தியம் தேவையில்லை. அசைவமே சமைக்காத வீட்டின் சோபாவில் கருவாட்டு வாசம் தினமும் அடித்தால்தான் யோசிக்க வேண்டும்.

மலம் தளர்ந்து இருந்தாலும், நாய் பருத்து அந்தப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தாலும், ஒவ்வாமையால் குழாய் வாய் வீங்கினாலும் நீர் வெளியேறாமல் தேங்கிக் கெட்டியாகிறது. தேய்ப்பது, வாலடியைத் திரும்பித் திரும்பி நக்குவது, உட்கார்ந்ததும் சுருக்கென்று எழுந்து பின்னால் பார்ப்பது, மலம் கழிக்கும்போது முனகுவது ஆகியவை இதன் அறிகுறிகள். பொமரேனியன், பக், டாஷ்ஹண்ட் போன்ற சிறிய நாய்களிடம் இது கூடுதலாகக் காணப்படும் என்றாலும், சாளையில் (தோட்டத்து வீட்டில்) கட்டியிருக்கும் நாட்டு நாய்க்கு வராது என்று சொல்ல முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது பூச்சிதான்

வாலைத் தூக்கி, ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியையும் நாய் படுக்கும் சாக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த அரிசிக் குருணை அளவில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. புதிதாக வெளிவந்த துண்டு மெல்ல நெளியவும் செய்யும். இந்தப் புழு தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுவது. உடம்பில் ஊரும் தெள்ளை நாய் கடித்து விழுங்கும்போது புழுவின் இளம் நிலை குடலுக்குள் போய்விடுகிறது. ஆகவே பிராசிகுவாண்டல் உள்ள மாத்திரை புழுவை அழித்தாலும், தெள்ளை ஒழிக்காத வீட்டில் சில வாரங்களில் மறுபடியும் புழு வந்துவிடும். ஆட்டுக்கறிக் கடையில் ஒதுக்கும் ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடுவதையும் இந்த இடத்தில் கண்டிக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் இருக்கும் நீர்க்கட்டிகள் நாயின் குடலில் வேறொரு நாடாப்புழுவாக வளர்ந்து, அதன் முட்டைகள் மனிதருக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கும்.

பைகளை அழுத்துவது எப்படி

முதல்முறை இதை உங்கள் கால்நடை மருத்துவரோ பழகிய உதவியாளரோ செய்துகாட்டப் பார்த்த பிறகே வீட்டில் செய்ய வேண்டும். எங்கே நிறுத்துவது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்து மட்டும் அது வராது. அறிகுறி ஏதும் இல்லாத நாய்க்கு, குளிப்பாட்டும் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாக அழுத்துவதை நான் ஆதரிப்பதில்லை. காரணமில்லாமல் நசுக்கப்படும் திசு வீங்கி, பிறகு அதுவே அடைப்புக்கு வழிசெய்யும்.

பழைய துணி உடுத்திக்கொண்டு, வாசலிலோ தண்ணீர்க் குழாய் அருகிலோ செய்யுங்கள். ரப்பர் கையுறை, வாசலின், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, இன்னொரு ஆள் ஆகியவை தேவை. அந்த ஆள் நாயின் கழுத்தை ஒரு கையாலும் வயிற்றை மறு கையாலும் அணைத்து நிற்க வைத்துக்கொள்ளட்டும். சாதுவான நாயும் வலித்தால் கடிக்கும் என்பதால் வாய்க்கூடு போடுவது நல்லது. நீங்கள் சற்றுப் பக்கவாட்டில் நின்று ஒரு கையால் வாலை நேராக மேலே தூக்குங்கள். தூக்கும்போதே பைகள் கொஞ்சம் புடைத்து வரும். மற்றக் கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஈரப்பஞ்சின் மேலாக 4 மணி, 8 மணி இடங்களில் வைத்து மெல்லத் தடவிப் பார்த்தால், நிறைந்த பைகள் கொண்டைக்கடலை அளவிலோ சற்றுப் பெரிதாகவோ உருண்டையாகத் தட்டுப்படும். தட்டுப்படவில்லையென்றால் அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று பொருள், விட்டுவிடுங்கள். தட்டுப்பட்டால், விரல்களை உருண்டைகளுக்குக் கீழாகக் கொண்டுபோய், முதலில் நாயின் தலைப் பக்கமாகச் சற்று உள்ளே தள்ளி, பிறகு இரு விரல்களையும் நெருக்கியபடி மேல்நோக்கி, உங்களை நோக்கிக் கொண்டுவாருங்கள். பீய்ச்சி அடிக்கக்கூடும் என்பதால் பஞ்சு ஆசனவாயை மூடியிருக்க வேண்டும், உங்கள் முகம் நேரெதிரே இருக்கக் கூடாது. இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தியும் வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். ஆசனவாய்க்குள் விரலை விட்டு எடுக்கும் முறையை மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும்.

பஞ்சில் என்ன வந்திருக்கிறது என்று கூர்ந்து பார்ப்பது அழுத்துவதைக் காட்டிலும் முக்கியம். மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில் நீராகவோ சற்றுக் கெட்டியாகவோ இருந்தால் இயல்பு. சாம்பல் கலந்த பழுப்பில் பசையாக, நூல் நூலாக வந்தால் நாள்பட்ட அடைப்பு. மஞ்சள்பச்சையாகச் சீழோ, இரத்தம் கலந்தோ வந்தால் தொற்று. அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முடிந்ததும் அந்த இடத்தை வெந்நீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். நன்றாகக் காலியான பிறகும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேய்ப்பது தொடர்ந்தால், அரிப்பு பைகளால் வருவதல்ல என்பது ஏறக்குறைய உறுதி.

ஆசனவாயின் ஒரு பக்கம் சிவந்து, ஊதா நிறமாகி, தொட்டால் சுட்டால் அது சீழ்க்கட்டி. அதை ஒருபோதும் அழுத்தக் கூடாது. தானாக உடைந்து ஓட்டை விழுந்தபின் பார்ப்பவர்கள் மற்ற நாய் கடித்த காயம் என்று நினைத்து மஞ்சளைப் பூசுகிறார்கள், பினாயிலை ஊற்றுகிறார்கள். பினாயில் திசுவையே பொசுக்கிவிடும். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து 10 நிமிடம் ஒற்றடம் கொடுப்பதும், நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவதும், ஈ உட்காராமல் நாயை வீட்டுக்குள் வைத்திருப்பதும் நீங்கள் செய்யக்கூடியவை. நம் வெயிலில் ஒரே நாளில் ஈ முட்டையிட்டுப் புண்ணில் புழு வைத்துவிடும் என்பதால், கழுவுவதையும் ஆண்டிபயாடிக்கையும் தள்ளிப்போடக் கூடாது. வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுத்து நாயின் உயிருக்கே உலைவைப்பவை அவை.

மலமும் எடையும்

மருந்தைவிட முன்னதாகச் சரிசெய்யக்கூடியது மலம்தான். தினமும் தம்ளர் நிறையப் பாலும், வீட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறும் சாப்பிடும் நாயின் மலம் பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். இதற்கு எதிர்ப்பக்கம், எலும்பை மட்டுமே போட்டுச் சுண்ணாம்பு போல வெளுத்து உதிரும் மலம் மலச்சிக்கலில் கொண்டுபோய் விடும். வேண்டியது, கையிலெடுத்தால் உடையாத, தரையில் அதிகம் ஒட்டாத மலம்.

நம் ஊர்ச் சந்தையில் வருடம் முழுவதும் கிடைக்கும் அரசாணிக்காயை, அதாவது பறங்கிக்காயைத் தோலும் விதையும் நீக்கி, உப்பில்லாமல் வேகவைத்து மசித்து, சிறிய நாய்க்கு ஒரு தேக்கரண்டியிலும் லேப்ரடார் போன்ற பெரிய நாய்க்கு ஒரு மேசைக்கரண்டியிலும் தொடங்கி, இரண்டு வாரம் சோற்றோடு கலந்து கொடுத்துப் பாருங்கள். இசப்கோல் உமியும் உதவும். ஆனால் நீரில் ஊறவைத்தே கொடுக்க வேண்டும். நார்ச்சத்தைக் கூட்டி வயிற்றுப்போக்கானால் அளவைக் குறையுங்கள். எடையைப் பொறுத்தவரை, விலாவில் கைவைத்தால் எலும்புகள் அழுத்தாமலே தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சோற்றின் அளவைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டிலுள்ளவர்கள் நாயைப் பார்த்து இளைத்துவிட்டது என்று சொல்லத் தொடங்கும்போதுதான் அது சரியான எடைக்கு வந்திருக்கும்.

ஒவ்வாமையைத் தேடுவது

பின்புறத்தோடு பாதங்களையும் நக்குவது, காதில் அடிக்கடி சீழும் வாடையும் வருவது, அக்குளிலும் அடிவயிற்றிலும் தோல் சிவப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். வெள்ளைப் பொமரேனியனின் பாதம் துருநிறமாக மாறியிருந்தால் அது எச்சில் கறை. பார்க்காத நேரத்தில் எவ்வளவு நக்குகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். காது மடலின் ஓரமும் முழங்கை முட்டியும் சொறிந்து முடி கொட்டி, வீட்டு மனிதர்களுக்கும் அரிப்பு வந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். தோலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனையை முதலில் செய்துவிடச் சொல்லுங்கள்.

ஒவ்வாமையில் முதலில் விலக்க வேண்டியது தெள்ளு. ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும், தெள்ளின் எச்சிலால் வாலடியும் பின்முதுகும் அரித்து முடி கொட்டிவிடும். நாய் ஓயாமல் கடித்து விழுங்கிவிடுவதால் உடம்பில் தெள்ளே கண்ணில் படாமலும் போகும். ஈரமான வெள்ளைத் துணியின் மேல் நாயை நிறுத்தி, பேன் சீப்பால் வாலடி முடியை வாருங்கள். துணியில் விழும் கருப்புத் துகள்களைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது செரித்த இரத்தம், அதாவது தெள்ளின் கழிவு. வெறும் மண்ணாக இருந்தால் நிறம் பரவாது. மருந்தை வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே நேரத்தில், குறைந்தது மூன்று மாதம் விடாமல் கொடுக்க வேண்டும், ஏனெனில் மண்ணிலும் சாக்கிலும் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு தவணை தவணையாக வெளிவந்துகொண்டிருக்கும். ஆட்டுப் பட்டியும் மாட்டுத் தொழுவமும் ஒட்டியுள்ள சாளைகளில் இது இன்னும் கடினம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது ஆபத்தானது. நாய்க்குப் பாதுகாப்பான பெர்மெத்ரின் என்ற தெள்ளு மருந்து கூடப் பூனையைக் கொன்றுவிடும்.

தெள்ளு இல்லையென்று உறுதியான பிறகு உணவுக்கு வர வேண்டும். நாய்களின் உணவு ஒவ்வாமைக்குக் காரணமாக அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. கோழி பெரும்பாலும் நம் பக்கத்து நாய்களின் அன்றாட உணவு. பல்லடம், நாமக்கல் வட்டாரங்கள் கறிக்கோழிக்கும் முட்டைக்கும் பெயர்பெற்றவை. கோழிக்கடையில் தலையும் காலும் தோலும் மலிவாகக் கிடைப்பதால் காலையும் மாலையும் அதுவே தட்டில் விழுகிறது. பல மாதம் சாப்பிட்டுப் பழகிய உணவுக்குத்தான் ஒவ்வாமை உண்டாகும் என்பதால், இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே என்ற வாதம் இங்கே எடுபடாது. இரத்தத்தையோ எச்சிலையோ எடுத்து உணவு ஒவ்வாமையைச் சொல்வதாக விற்கப்படும் பரிசோதனைகளை நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம். விலக்கு உணவுச் சோதனை ஒன்றே இதுவரை நம்பத்தக்க வழி.

நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதத்தையும் ஒரு மாவுப் பொருளையும் தேர்ந்தெடுத்து, குறைந்தது 8 வாரம் அவற்றை மட்டுமே கொடுப்பதுதான் அந்தச் சோதனை. மேட்டூர், பவானிசாகர் அணைகளில் பிடிக்கும் ஜிலேபி மீனை முள் நீக்கி வேகவைத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு பிசைந்து கொடுப்பது நம் பகுதியில் எளிது. குச்சிக்கிழங்கை (மரவள்ளிக் கிழங்கை) தேர்ந்தெடுத்தால் தோலுரித்து, நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்; அரைவேக்காட்டுக் கிழங்கில் நஞ்சு இருக்கும். மீனை முன்பே சாப்பிட்டுப் பழகிய நாய்க்கு ஆட்டுக்கறியோ பன்றிக்கறியோ பார்க்கலாம். கோழிக்குப் பதில் காடை என்று போவது சோதனையைக் கெடுத்துவிடக்கூடும், முட்டையும் வேண்டாம். பையில் ஆட்டுக்கறி என்று அச்சிட்ட தீவனத்தின் பின்புறத்தில் கோழிக் கொழுப்பு என்று சிறிய எழுத்தில் இருப்பது சாதாரணம். இந்த இரு பொருள் உணவு முழுச் சத்துணவு அல்ல என்பதால் குட்டிக்கும் சினை நாய்க்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வளர்ந்த நாய்க்கும் அதையே நிரந்தரமாக்கக் கூடாது.

சோதனை தோற்பது பெரும்பாலும் சமையலில் அல்ல, வீட்டு மனிதர்களிடம். வாயில்லாச் சீவன், ஒரு வாய் போட்டால் என்ன என்று அப்பத்தா போடும் பிஸ்கட் ஒன்று போதும், கணக்கு கெட்டுவிடும். மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) வந்த உறவினர் வீசும் எலும்பு, மாட்டுத் தொட்டியில் மிஞ்சிய தவிடும் புண்ணாக்கும், பூனைக்கு வைத்த பால், இறைச்சி மணமூட்டிய மெல்லும் மாத்திரை, கால்சியம் டானிக் எல்லாமே கணக்கில் சேரும். ஆகவே நோம்பி சாட்டாத மாதங்களாகப் பார்த்துத் தொடங்குங்கள். அவிழ்த்துவிட்டால் கோழிக்கடைக்கு ஓடும் நாயைக் கயிற்றில் பிடித்தே வெளியே கூட்டிச் செல்லுங்கள். அன்றன்று அரிப்பு எவ்வளவு என்பதை 10க்கு ஒரு மதிப்பெண்ணாகச் சமையலறைக் காலண்டரில் குறித்து வாருங்கள், மலம் எப்படியிருந்தது என்பதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். வயிறு சில வாரங்களிலேயே சீராகும். தோலுக்கு 8 வாரம் தேவைப்படும். அரிப்பு குறைந்தால் சோதனை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பழைய உணவை மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு ஒவ்வாமை உறுதியாகும். அதன் பிறகு கோழி, பால், கோதுமை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து எது ஆகாது என்று கண்டுகொள்ளலாம்.

உணவை மாற்றியும் மாற்றமில்லையென்றால் மிஞ்சுவது தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை முதலியவற்றால் வரும் தோல் ஒவ்வாமை. இது பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கும். சில நாய்களுக்குக் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் கூடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரியடிக்கும் ஆனி ஆடியிலோ, மழைக்குப் பிறகு பார்த்தீனியமும் புல்லும் பூக்கும்போதோ அரிப்பு ஏறுகிறதா என்று காலண்டர் குறிப்பிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். தோட்டத்திலிருந்து வந்ததும் பாதங்களையும் அடிவயிற்றையும் ஈரத்துணியால் துடைப்பது, படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது, மருத்துவர் எழுதிக்கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவைத் தேய்த்து 10 நிமிடம் ஊறவிட்டுக் குளிப்பாட்டுவது ஆகியவை பயன் தரும். இந்த ஒவ்வாமை முழுமையாகத் தீராது, கட்டுக்குள் வைக்கவே முடியும். அதற்கு ஒக்ளாசிட்டினிப் மாத்திரையும் லோகிவெட்மாப் ஊசியும் இருக்கின்றன, விலை அதிகம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மலிவு, விரைவில் கேட்கும். அதனாலேயே அரிப்பு வரும்போதெல்லாம் ஒரு ஊசி என்ற பழக்கம் பரவியிருக்கிறது. நீண்ட நாள் கொடுத்தால் பசியும் தாகமும் கூடி நாய் பருக்கும், தொற்றும் எளிதில் பற்றும், பருத்த நாயின் சுரப்பி மறுபடி அடைக்கும். போட்டுவரும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. குறைப்பதையும் மருத்துவர் சொன்னபடியே செய்ய வேண்டும்.

எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்

ஊர் மாட்டாஸ்பத்திரியில் சுரப்பியை அழுத்திவிடுவார்கள், சீழ்க்கட்டியையும் பார்ப்பார்கள். ஆனால் மயக்கம் கொடுத்துப் பையைக் கழுவுவது, தோல் பரிசோதனை, பையை அறுவை செய்து அகற்றுவது போன்றவற்றுக்கு நாமக்கல்லிலும் உடுமலையிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையோ, நாய்களையே முதன்மையாகப் பார்க்கும் தனியார் மருத்துவரையோ நாட வேண்டியிருக்கும். போகும்போது காலண்டர் தாள்களையும், இதுவரை போட்ட ஊசி மருந்துச் சீட்டுகளையும், தீவனப் பையின் பின்பக்கப் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பையை அகற்றும் அறுவை, மற்ற எல்லாம் செய்து பார்த்தும் தொற்று திரும்பத் திரும்ப வரும் நாய்க்கே உரியது. சுருக்குத் தசையின் நரம்பு பாதிக்கப்பட்டால் மலத்தை அடக்கும் சக்தி போய்விடலாம் என்பதால், பழகிய கைதான் அதைச் செய்ய வேண்டும்.

வயதான நாய்க்கு ஒரு பக்கம் மட்டும் கல்லைப் போலக் கெட்டியான கட்டி தட்டுப்பட்டு, அழுத்தினாலும் சுருங்காமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. குதச் சுரப்பியில் வரும் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும். மலம் நாடாவாகத் தட்டையாக வருவதும் அதனால் இருக்கலாம். சில நாய்களில் அது இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடுவதால் நாய் வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கும். கட்டியும் தாகமும் சேர்ந்திருந்தால் கட்டியிலிருந்து ஊசியால் மாதிரி எடுப்பதோடு, இரத்தத்தில் கால்சியத்தையும் அன்றே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.